முக்கால் டன்னும் மூன்று விரலும்

என் வாழ்நாளில் ஒரே ஒரு முறை, பட்டப்பகலில், ராயபுரம் வாராவதியில், அதாவது பாலத்தின் ஏற்றத்தில், ஒரு மோட்டார் வண்டிக்குள் உட்கார்ந்தபடி நேராக வானத்தைப் பார்த்திருக்கிறேன். வண்டியின் பின்சக்கரங்கள் சாலையில் இருந்தன. முன்சக்கரங்கள் ஒரு முழ உயரத்தில், யாருக்கும் பயன்படாமல், காற்றில் சுற்றிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்கு எதிரே ஒரு பருந்து வட்டமிட்டது. அந்த வண்டியில் எதை ஏற்றலாம், எவ்வளவு ஏற்றலாம் என்று முடிவு செய்வதற்காகவே ஒரு கம்பெனி எனக்கு மாதாமாதம் சம்பளம் கொடுத்துக்கொண்டிருந்தது என்பதையும் இங்கேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். எப்படியும் ராயபுரத்தில் பாதிப் பேருக்குத் தெரிந்த விஷயம்.

இதை இப்போது எழுதக் காரணம், நான் ஓய்வு பெற்றபின் என் நாற்காலிக்கு வந்திருக்கும் புதிய கிளார்க். ராத்தலும் ஹண்டர்வெயிட்டும் ஒழிந்து கிலோ வரப்போகிறதாம். கம்பெனியின் வண்டி யார்டு வாசலில் தொங்கும் என் பலகையைச் சுரண்டிவிட்டுப் புது எண்களை எழுத வேண்டுமாம். எந்த வண்டி எவ்வளவு சுமக்கலாம், எவ்வளவு இழுக்கலாம் என்று நான் கணக்கிட்டு எழுதிவைத்த பலகை அது. புதியவர் கெட்டிக்காரர். வீடு தேடி வந்து, காப்பியைக் குடித்துவிட்டு, மரியாதையாகக் கேட்டார்: "சார், டிரெய்லருக்கு நீங்க போட்டிருக்கிற எண்ணெல்லாம் எந்தப் புஸ்தகத்திலேயும் இல்லியே. எங்கேயும் பார்க்காத அளவுக்குக் கம்மியா இருக்கே. எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

எழுதித் தருகிறேன் என்றேன். இதோ.

நான் துறைமுகத்தில் சரக்கு எண்ணும் குமாஸ்தாவாகச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. அடுத்த இருபது வருஷங்களைச் சுருக்கமாகச் சொல்வதானால், எண்ணினேன். பெட்டி எண்ணினேன், மூட்டை எண்ணினேன். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பட்டணமே மூட்டை கட்டிக்கொண்டு ஓடிய நாட்களில் எண்ணுவதற்குச் சரக்கு இல்லாமல் காலிக் கிடங்கின் ஜன்னல்களை எண்ணினேன். மற்ற நேரத்தில் படித்தேன். மூர் மார்க்கெட்டில் ஒரு பழைய ஆங்கிலக் கலைக்களஞ்சியத்தை வாங்கி, முதல் தொகுதியிலிருந்து கடைசித் தொகுதி வரை வரி விடாமல் வாசித்தேன். நடுவில் ஒரே ஒரு தொகுதி மட்டும் காணாமல் போயிருந்தது. நெம்புகோலைப் பற்றிய கட்டுரை அதில்தான் இருந்திருக்க வேண்டும் என்று பின்னால் தெரிந்தது.

யுத்தம் முடிந்ததும் ராயபுரத்தில் ஒரு சரக்குப் போக்குவரத்துக் கம்பெனியில் லோடு கிளார்க்காகச் சேர்ந்தேன். பட்டாளத்து வண்டிகளை ஏலம் விட்ட சமயம் அது. எங்கள் முதலாளி இரண்டு வண்டிகள் எடுத்தார். ஒன்று ஐந்து டன் லாரி. மற்றொன்று பிக்கப். பச்சை வர்ணம், கதவுக்குப் பதில் கான்வாஸ் துணி, உள்ளே ஒரு பித்தளைத் தகடு. அந்தத் தகட்டில் பதினைந்து ஹண்டர்வெயிட் என்று பொறித்திருந்தது. முக்கால் டன். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. அவ்வளவுதானே, இதற்கு ஒரு ஆள் எதற்கு என்று நானே நினைத்தேன்.

வண்டிகளுக்கு மேற்பார்வையாளர் காதர் பாய். வண்ணாரப்பேட்டைக்காரர். பர்மாப் போர்முனையில் பட்டாள லாரிகளை மேய்த்துவிட்டு வந்தவர். என்னைவிடப் பத்து வயது இளையவர். ஆனால் எனக்கு மேலதிகாரி. அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் வெற்றிலையை மெல்லுவதை நிறுத்துவார். அதைப் பார்த்தாலே யார்டில் எல்லோரும் ஏதாவது வேலை இருப்பதுபோல் நடக்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அவர் பட்டாளத்திலிருந்து கொண்டுவந்த வழக்கம் ஒன்று இருந்தது. ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு லோடு சீட்டு. அதில் கையெழுத்து இல்லாமல் வாசலைத் தாண்ட முடியாது. லோடு கொஞ்சம் சந்தேகமானது என்றால், சீட்டில் கையெழுத்துப் போட்டவர் எவரோ அவர் டிரைவர் பக்கத்தில் ஏறி உட்கார்ந்து கூடவே போக வேண்டும். சட்டம் இவ்வளவுதான். இதைவிட நல்ல சட்டத்தை நான் அந்தக் கலைக்களஞ்சியத்தில்கூடப் படித்ததில்லை.

வானம் பார்த்த கதைக்கு வருகிறேன்.

திருவொற்றியூரில் ஒரு கட்டடத்துக்கு இரும்புக் குழாய்கள் போக வேண்டியிருந்தது. ஒவ்வொன்றும் முப்பதடி நீளம். எடை போட்டேன். எல்லாம் சேர்த்துப் பன்னிரண்டு ஹண்டர்வெயிட். தகடு சொல்வது பதினைந்து. இன்னும் மூன்று மிச்சம் இருக்கிறதே என்று எனக்கு ஒரு தாராள மனசுகூட வந்தது. பிக்கப்பில் சரக்கு வைக்கும் தொட்டியோ ஆறரை அடி. குழாய்களின் ஒரு முனையைத் தொட்டியின் முன்பக்கம் முட்டவைத்து இறுக்கக் கட்டினோம். மீதி இருபத்து மூன்றரை அடி பின்னால் வாலாக நீண்டது. வால் நுனியில் சிவப்புத் துணி கட்ட மறக்கவில்லை. விதி விதிதான்.

நீளம் காரணமாகச் சந்தேகமான லோடு என்றார் காதர் பாய். எனவே நானும் ஏறிக்கொண்டேன். டிரைவர் ஏழுமலை. வியாசர்பாடிக்காரர், அப்போது தினக்கூலி. வாசலைத் தாண்டியதும் சொன்னார்:

"சார், ஸ்டேரிங்கு ரொம்ப லேசா கீது சார்."

"நல்லதுதானே, கை வலிக்காது" என்றேன்.

வாராவதி ஏற்றத்தில் ஒரு குழியில் பின்சக்கரம் இறங்கி ஏறியது. அப்புறம் பருந்து.

ஏழுமலை ஸ்டேரிங்கை இடமாகவும் வலமாகவும் முழுச் சுற்றுச் சுற்றிப் பார்த்தார். வண்டி அதை ஒரு யோசனையாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை. குழாய்களின் வால் சாலையில் ஊன்றிக்கொண்டு எங்களைத் தாங்கியது. மீன் கூடையோடு வந்த அம்மாள் ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு, இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள்.

"இன்னா சார், குதுர மேல ஏறிக்கினு ஊர்கோலமா? பொண்ணு எங்க?"

காதர் பாய் சைக்கிளில் வந்து சேர்ந்தார். வண்டியை ஒருமுறை சுற்றி வந்தார். வெற்றிலை மெல்லுவது நிற்கவில்லை. அது எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

"எத்தினி வெயிட்டு சார்?"

"பன்னிரண்டு" என்றேன் வானத்திலிருந்து. "சீட்டுல எழுதியிருக்கேன். லிமிட்டுக்கு உள்ளேதான் பாய்."

"எத்தினின்னு எழுதிகீறீங்க. எங்கன்னு எழுதினீங்களா?"

அந்த ஒரு கேள்விதான் என் உத்தியோகம் முழுவதும். சுமை எவ்வளவு என்பது பாதிதான். பின்சக்கர அச்சுக்கு முன்னால் வைத்தாயா, பின்னால் வைத்தாயா என்பது மறுபாதி. மறுநாளே சீட்டில் 'எங்கே' என்று ஒரு புதுப் பத்தி சேர்த்தேன். யார்டு எனக்கு 'குதுர சாரு' என்று ஒரு புதுப் பெயர் சேர்த்தது. சீட்டின் பத்தியை மட்டும் எல்லோரும் மறந்துவிடுவார்கள்.

அதற்குப் பிறகு காதர் பாய் வண்டியைச் சோதிக்கும்போதெல்லாம் நான் நோட்டும் பென்சிலுமாக அவர் பின்னாலேயே நடந்தேன். அவர் சொல்லித்தரவில்லை. சோதித்தார், நான் பார்த்தேன்.

முதலில் சக்கரங்கள். ஒரு மரச் சுத்தியால் ஒவ்வொரு டயரையும் தட்டிக் காதைச் சாய்த்துக் கேட்பார். அடுத்தது வில், அதாவது சுமையைத் தாங்கி அமுங்கும் ஸ்பிரிங் பட்டைகள். தொட்டிக்கும் பின் அச்சுக்கும் நடுவில், குலுக்கலில் இரும்போடு இரும்பு மோதாமல் இருக்க ஒரு ரப்பர் கட்டை இருக்கும். சுமை ஏறியபின் குனிந்து, அந்தக் கட்டைக்கும் அச்சுக்கும் இடையே மூன்று விரல்களைச் சேர்த்து நுழைப்பார். மூன்று விரல் நுழைந்தால் வண்டி போகலாம். இரண்டுதான் நுழைந்தால் ஒரு மூட்டை இறங்க வேண்டும். ஒரு விரல் என்றால் யாரையும் எதுவும் கேட்காமல் தானே ஏறி இறக்க ஆரம்பித்துவிடுவார். தராசு பொய் சொல்லும், வில் சொல்லாது என்பது அவர் கட்சி.

முக்கால் டன் என்றால் சரக்கு மட்டும் முக்கால் டன் இல்லை. டிரைவர், கூட வரும் இரண்டு ஆட்கள், கயிறு, தார்ப்பாய், ஜாக்கி, ரேடியேட்டருக்குத் தண்ணீர் டின், எல்லாம் அதற்குள்ளேதான். இதை நான் ஒரு கல்யாணத்தில் பரிசோதித்தேன். முதலாளி வீட்டுக் கல்யாண கோஷ்டி திருவொற்றியூர்க் கோயிலுக்குப் பிக்கப்பில் ஏறி நின்றது. நான் சீட்டோடு போய், எல்லோருடைய எடையும் தெரிந்தால்தான் கையெழுத்து என்றேன். பட்டுப்புடவையும் ஒட்டியாணமுமாக நின்ற முதலாளியின் தங்கையிடம் அதே கேள்வியைக் கேட்டேன். அந்த அம்மாள் இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. ஆனால் எட்டுப் பேர் இறங்கிக் குதிரை வண்டியில் வந்தார்கள். மூன்று விரல் நுழைந்தது.

டிரெய்லர் வேறு சாஸ்திரம். பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற இரண்டு சக்கர வண்டி. அதன் மொத்த எடையில் பத்தில் ஒரு பங்கு மூக்கில், அதாவது கொக்கியின்மேல், உட்கார வேண்டும். காதர் பாய் டிரெய்லரின் மூக்கை மட்டும் தூக்கித் தராசில் வைத்துப் பார்ப்பார். மூக்கு லேசாக இருந்தால் வால் ஆடும். நாய் வாலை ஆட்டுவதைப் பார்த்திருக்கிறோம். வால் நாயை ஆட்டுவதைச் சாலையில்தான் பார்க்கலாம். மூக்கு ரொம்பக் கனத்தால் இழுக்கிற வண்டியின் தலை தூக்கும். அதைப் பற்றி அவர் எனக்கு விளக்கவில்லை. என்னை ஒரு பார்வை பார்த்ததோடு சரி. கொக்கிக்கு அடியில் இரண்டு சங்கிலிகளைக் குறுக்காகப் போடுவார், கொக்கி அறுந்தால் மூக்கைத் தாங்கிக்கொள்ள. கடைசியாக, அந்த நாளைய டிரெய்லர்களில் பிரேக் கிடையாது. ஆகவே டிரெய்லரும் சரக்கும் சேர்ந்து, இழுக்கிற வண்டியின் சொந்த எடையில் பாதிக்கு மேல் போகக் கூடாது. எங்கள் பிக்கப் இரண்டு டன். எனவே ஒரு டன்.

"இஸ்துகினு போறது எஞ்சினு வேல சார்" என்பார் காதர் பாய். "கழுத கூட இஸ்துகினு பூடும். நிறுத்தறதுதான் நம்ம வேல."

இப்போது பாய்லர்.

சுதந்திரம் வந்து இரண்டு மூன்று வருஷங்கள் ஆகியிருக்கும். எண்ணூர்ப் பக்கம் ஒரு புது சோப்பு ஆலை. அதற்குக் கப்பலில் வந்த பாய்லர் எங்கள் யார்டில் இருந்தது. இரண்டரை டன். மறுநாள் காலை ஆலையைத் திறந்துவைக்க ஒரு மந்திரி வருவதாக ஏற்பாடு. எங்கள் ஐந்து டன் லாரியோ கியர் பெட்டி பிரிக்கப்பட்டு, அதன் பற்சக்கரங்கள் ஒரு கோணியின்மேல் வரிசையாக வெயில் காய்ந்துகொண்டிருந்தன. முதலாளி உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தார். கம்பெனியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவருடைய மருமகன். காகிதத்தில் அவர் மானேஜர். யார்டில் மாப்பிள்ளை சார்.

மாப்பிள்ளை சார் கெட்டவர் அல்ல. வாக்குக் கொடுத்துவிட்டவர். அது கெட்டவராக இருப்பதைவிடச் சங்கடமானது. காலையில் ஜரிகை வேட்டியும் சந்தனப் பொட்டுமாக வந்தார். பாய்லரை டிரெய்லரில் ஏற்றிப் பிக்கப்பில் மாட்டச் சொன்னார். டிரெய்லரோடு சேர்த்து மூன்று டன். பிக்கப் இழுக்கக் கூடியது ஒரு டன்தான்.

நான் சீட்டில் கையெழுத்துப் போட மறுத்தேன்.

"ஏன்?" என்றார்.

"லிமிட்டுக்கு மூணு பங்கு சார்."

"லிமிட்டு!" என்றார். சுற்றியிருந்தவர்களைப் பார்த்துச் சிரித்தார். "நடு ரோட்டிலே குதிரை சவாரி பண்ணினவர் எனக்கு லிமிட்டு சொல்றாரு."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது. நன்றாகத்தான் சொன்னார்.

பிறகு அவர் ஏழுமலை பக்கம் திரும்பினார். மூன்று வருஷம் தினக்கூலியாக இருந்து அந்த மாதம்தான் ஏழுமலைக்கு வேலை நிரந்தரமாகியிருந்தது. "வண்டியை நீ எடுக்கிறியா, இல்லே நாளையிலேருந்து வேற இடம் பார்த்துக்கிறியா?"

ஏழுமலை வாராவதி இருக்கும் திசையைப் பார்த்தார். எனக்கும் அதே கணக்குத்தான் ஓடியது. ஏற்றத்தில் எப்படியாவது முக்கி முனகி ஏறிவிடலாம். இறக்கத்தில் மூன்று டன் பின்னாலிருந்து தள்ளும். பிரேக்கை மிதித்தால் பிக்கப் நிற்கப் பார்க்கும், பாய்லர் நிற்காது. இறக்கம் முடியும் இடத்தில் மீன் விற்கும் அம்மாள்கள் வரிசையாகக் கூடையோடு உட்கார்ந்திருப்பார்கள். போனால் ஏழுமலையின் உயிரும் இன்னும் யார் யாருடைய உயிரோ. போகாவிட்டால் ஏழுமலையின் சோறு.

"ஊட்ல சொல்லிட்டு வந்துர்றேன் சார்" என்றார் ஏழுமலை. அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை சார் என் கையிலிருந்து சீட்டை வாங்கினார். பேனாவைத் திறந்தார். "நீங்க போடலேன்னா நான் போடறேன்."

காதர் பாய் ஒரு பக்கமாக நின்றிருந்தார். நான் கவனித்தேன்: வெற்றிலை மெல்லுவது நின்றிருந்தது.

"போடுங்க சார்" என்றார் மெதுவாக. "நீங்க போடாம யாரு போடறது? போட்டுட்டு, டிரைவரு பக்கத்துல ஏறிக் குந்துங்க."

"நானா?"

"சீட்டுல சைனு போட்டவரு கூடப் போணும். நம்ம யார்டு வயக்கம். குதுர சாரு கூட அப்படிக் குந்திகினுதான் வானத்தப் பாத்தாரு."

மறுபடியும் சிரிப்பு. ஆனால் இந்த முறை சிரிப்பு வேறு பக்கம் பார்த்து இருந்தது. மாப்பிள்ளை சாரின் பேனா சீட்டுக்கு ஓர் அங்குலம் மேலே நின்றது. அத்தனை ஆட்களுக்கு முன்னால் ஏற மாட்டேன் என்று சொல்ல முடியாது. வாராவதி இறக்கத்தை நினைத்தால் ஏறுகிறேன் என்றும் சொல்ல முடியாது.

காதர் பாயே வழி விட்டார். "ஒண்ணு செய்யலாம் சார். ரோட்டுக்குப் போறதுக்கு மின்ன இங்கியே ஒரு தபா ஓட்டிப் பாத்துடலாம். சமதரைதானே? கோட்டுல நிறுத்திக் காட்டினா, நானே சைனு போட்டு நானே குந்திகினு போறேன்."

வாசலிலிருந்து கிடங்கு வரை யார்டு நீளமானது. இறுகிய சரளைத் தரை. கிடங்குச் சுவருக்கு முன்னால் தேங்காய் நார்ப் பொதிகளை மதில்போல் அடுக்கச் சொன்னார் காதர் பாய். பொதிகளுக்கு இருபதடி முன்னால் சுண்ணாம்பில் ஒரு கோடு இழுத்தார். வண்டி பதினைந்து மைல் வேகத்தில் வர வேண்டும். கோட்டுக்கு முன்னால் நட்டிருந்த கொடிக்கம்பைத் தொட்டதும் பிரேக். கோட்டுக்குள் நிற்க வேண்டும்.

இதற்குள் நான் நோட்டில் கணக்குப் போட்டுவிட்டேன். வண்டியின் எடை, டிரெய்லரின் எடை, வேகம், பிரேக்கின் பிடிப்பு. விடை: கோட்டைத் தாண்டி எட்டடி ஓடும். அந்தக் காகிதத்தை மடித்துக் காதர் பாயிடம் கொடுத்து, "சோதனை முடிஞ்சதும் பிரிச்சுப் பாருங்க" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். என் கணக்கின்மேல் எனக்கு இருந்த நம்பிக்கையை நானே பார்த்து மகிழ்வதற்காக, யாரும் கவனிக்காதபோது என் சைக்கிளைக் கொண்டுபோய் நார்ப் பொதிகளின் நிழலில் சாய்த்துவைத்தேன். எட்டடிக்குத்தான் ஓடும், சைக்கிள் இருப்பது இருபதடியில். ரொம்பவும் ஜாக்கிரதையான ஆள் நான்.

மாப்பிள்ளை சார் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். ஏழுமலை வண்டியைக் கிளப்பினார்.

பிக்கப் பாய்லரை இழுத்தது. அதுவும் அழகாக இழுத்தது. இரண்டாவது கியர், மூன்றாவது கியர். கூடியிருந்த ஆட்கள் கைதட்டினார்கள். மாப்பிள்ளை சார் வெளியே தலையை நீட்டி என்னைப் பார்த்துக் கையைக்கூட ஆட்டினார். அந்த ஐந்தாறு நொடிகள் நான் உத்தியோகத்தை விட்டுவிட்டு என்ன செய்யலாம் என்று யோசித்தேன்.

வண்டி கொடிக்கம்பைத் தொட்டது.

முதலில் பாய்லர் கட்டியிருந்த சங்கிலிகள் கிறீச்சென்றன. பிக்கப் மூக்கைத் தாழ்த்தியது. ஆனால் நிற்கவில்லை. பின்னாலிருந்து யாரோ முதுகில் கைவைத்துத் தள்ளுவதுபோல், வரமாட்டேன் வரமாட்டேன் என்று வந்தது. கோட்டைத் தாண்டியது. எட்டடியைத் தாண்டியது. அங்கே ஒரு கணம் நான் மனசுக்குள், போதும் நில் என்றேன். அது என் கணக்கைப் படிக்கவில்லை. இருபதடியையும் தாண்டி நார்ப் பொதிகளுக்குள் புகுந்து, டிரெய்லர் ஒரு பக்கமாக ஒடித்துக்கொண்டு நின்றது. நார்த்தூசி யார்டு முழுவதும் பறந்தது. அந்தத் தூசிக்கு நடுவில், ஒரு சைக்கிள் மணி ஒரே ஒரு தடவை அடித்து ஓய்ந்தது.

அளந்து பார்த்தோம். கோட்டைத் தாண்டி இருபத்தாறு அடி.

மாப்பிள்ளை சார் இறங்கினார். சந்தனப் பொட்டு வண்டியின் முன்கண்ணாடியில் ஒட்டியிருந்தது. ஒரு நிமிஷம் நார்ப் பொதிகளையே பார்த்துக்கொண்டு நின்றார். வாராவதி அடியில் அவற்றுக்குப் பதில் என்ன இருந்திருக்கும் என்று அவருக்கும் தோன்றியிருக்க வேண்டும். கையிலிருந்த சீட்டை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். "கால்வாய்ப் படகுக்குச் சொல்லி அனுப்புங்க" என்றார். அவ்வளவுதான். ஏழுமலையின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். ஏழுமலையின் வேலையைப் பற்றி அதன்பிறகு ஒருவரும் பேசவில்லை.

காதர் பாய் மட்டும் கொடிக்கம்பிலிருந்து பொதிகள் வரை குனிந்து தரையைப் பார்த்தபடி நடந்தார். திரும்பவும் நடந்தார். ஏழுமலையை ஒரு பார்வை பார்த்தார். பிறகு மடியிலிருந்து வெற்றிலையை எடுத்து மெல்ல ஆரம்பித்தார். என் காகிதத்தைப் பிரித்து, 'எட்டு' என்பதைப் படித்து, எதுவும் சொல்லாமல் என்னிடமே திருப்பிக் கொடுத்தார். பெரிய மனுஷத்தனம் என்று நினைத்துக்கொண்டேன்.

பாய்லர் கால்வாயில் படகேறி, உப்புப் படகுகளோடும் விறகுப் படகுகளோடும் சேர்ந்து இரண்டு நாள் கழித்து எண்ணூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தது. மந்திரி குறித்த நேரத்தில் வந்து, பாய்லர் இல்லாத பாய்லர் அறையைத் திறந்துவைத்து, நாட்டின் தொழில் வளர்ச்சியைப் பற்றி நெடுநேரம் பேசினார். யாரும் குறை சொல்லவில்லை.

அடுத்த வாரம் மாப்பிள்ளை சார் என்னைக் கூப்பிட்டார். எல்லா வண்டிகளுக்கும் இழுக்கும் அளவு, சுமக்கும் அளவு எழுதி வாசலில் மாட்டச் சொன்னார். "நானே கேட்டாலும் மாத்தாதீங்க" என்றார். ஒரு கிளார்க்குக்கு அவனுடைய மானேஜர் தரக்கூடிய பட்டம் அதற்கு மேல் இல்லை.

பத்து நாள் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். என் பழைய கணக்கு எட்டடி என்றது. உண்மை இருபத்தாறடி. ஆக, என் கணக்கும் நான் படித்த புத்தகங்களும் உலகத்தைச் சுமார் மூன்று மடங்கு நல்லதாக நினைத்துக்கொண்டிருந்தன. எனவே டிரெய்லர் எண்கள் ஒவ்வொன்றையும் மூன்றால் வகுத்தேன். ஒரு டன் இழுத்த பிக்கப் அன்று முதல் மூன்றில் ஒரு டன்தான் இழுத்தது. காதர் பாயிடம் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "கம்மியா கீதுதான். இருந்துட்டுப் போட்டும் சார்" என்றார்.

புதிய கிளார்க் அவர்களே, உங்கள் எண்கள் அங்கிருந்துதான் வந்தன.

ஒரு நடையில் போக வேண்டியது மூன்று நடையில் போனது. மற்ற கம்பெனி டிரைவர்கள் எங்கள் பிக்கப்பைக் கடந்து போகும்போது, "இன்னா மாமு, பால்கோவா எடுத்துகினு போறியா?" என்று கத்துவார்கள். போகட்டும். நான் ஓய்வு பெறும் வரை அந்தப் பலகையின்படி போன வண்டிகள் எல்லாம் திரும்பி வந்தன. எங்கள் டிரைவர்கள் எல்லோரும் சாயந்திரம் வீட்டுக்குப் போனார்கள். தண்டையார்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை அந்தச் சாலையில் நடக்கும்போது, இங்கே எதுவும் நடக்கவில்லை, அங்கே எதுவும் நடக்கவில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டு நடந்திருக்கிறேன். மனிதன் கட்டியவற்றைக் காட்டிப் பெருமைப்படலாம். நடக்காதவற்றைக் காட்டிப் பெருமைப்படுவது கொஞ்சம் சிரமம். ஆனாலும் பட்டிருக்கிறேன்.

சென்ற மாதம் எனக்குப் பிரிவுபசாரம். மாலை, கேசரி, ஒரு சுவர்க் கடிகாரம். நான் பேசினேன். பாய்லர் கதையைச் சொன்னேன், இருபத்தாறடியைச் சொன்னேன், மூன்றால் வகுத்ததைச் சொன்னேன். அனுபவம் என்பது புத்தகத்தைத் திருத்தும் பேனா என்று ஒரு வாக்கியத்தை முதல் நாளே தயார் செய்து வைத்திருந்தேன். அதையும் சொன்னேன். நன்றாகக் கைதட்டினார்கள். காதர் பாய் தரையைப் பார்த்துக்கொண்டு வெற்றிலை மென்றார்.

கடிகாரத்தோடு என்னை வீட்டில் கொண்டுவிட ஏழுமலை அதே பழைய பிக்கப்பை எடுத்தார். அவருக்கும் தலை நரைத்துவிட்டது. மூத்த பெண்ணுக்குக் கல்யாணமாகிப் பேரன் பிறந்திருக்கிறான். வாராவதி ஏற்றத்தில் வண்டி ஏறும்போது, பழக்கத்தால், நான் முன்சக்கரங்களை எட்டிப் பார்த்துக்கொண்டேன்.

"சார்" என்றார் ஏழுமலை. "உங்க கிட்ட ஒண்ணு சொல்லணும். ரொம்ப வர்சமா சொல்லணும் சொல்லணும்னுகினு கீறேன்."

"சொல்லுங்க."

"அன்னிக்கு பாய்லரு வண்டியில நான் பிரேக்க முயுசா மிதிக்கல சார்."

நான் கடிகாரத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

"பாதிதான் மிதிச்சேன். நீங்க எட்டடின்னு எயுதி மடிச்சதை எட்டிப் பாத்துட்டேன். எட்டடி தாண்டினா மாப்ள சாரு ஒத்துப்பாரா? எட்டடி தானே, உஷாரா ஓட்டிகினு போன்னுவாரு. எனக்குப் பொண்டாட்டி புள்ள கீது சார். மெய்யாலுமே பயந்துட்டேன். அதான் பொதியில கொண்டு சொருவிட்டேன்."

"பக்கத்துலேயே மானேஜர் உட்கார்ந்திருந்தாரே?"

"அவரு கண்ண மூடிகினு முருகா முருகான்னாரு. என் கால எங்க பாக்கறாரு?"

"காதர் பாய்?"

"அவருக்குத் தெரியும். பிரேக்குல சக்கரம் சுத்தாம பூட்டிகினிருந்தா சரளையில தேச்ச கோடு வியுந்திருக்கணுமே, எங்கடா கோடுன்னு அன்னிக்கே தனியா இஸ்துகினு போயி கேட்டாரு. அப்பால, சரி, வாயத் தொறக்காதன்னுட்டாரு."

வண்டி வாராவதி உச்சிக்கு வந்து இறங்க ஆரம்பித்தது. ஆக, எட்டடி சரியாக இருந்திருக்கலாம். நான் படித்த புத்தகங்கள் சரியாக இருந்திருக்கலாம். ஒரு கம்பெனியின் வண்டிகள் அத்தனையும் இத்தனை வருஷம் ஏழுமலையின் அரைப் பிரேக்கின்மேல் ஓடியிருக்கின்றன. இறக்கத்தின் அடியில் மீன் கூடைகள் எப்போதும்போல் வரிசையாக இருந்தன. ஏழுமலை கியரைக் குறைத்து, மெதுவாக, அழகாக இறக்கினார்.

எதையாவது சொல்ல வேண்டும் என்பதற்காக, "போகட்டும். என் சைக்கிள் போச்சே, ஏழுமலை" என்றேன்.

"சைக்கிளு அங்க கீதுன்னு எனக்குத் தெரியாது சார்" என்றார் அவர், சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல். "தெரிஞ்சிருந்தா இன்னும் கொஞ்சம் மிதிச்சிருப்பேன்."